வரலாற்றுப் பாடமும் வாக்கியப் பயிற்சியும் ஒரே கொப்பியில்

பத்திரிகை ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம்.

தரம் 6 முதல் தரம் 9 வரையான மாணவர்கள் வரலாற்றுப் பாடத்துக்கு எழுதும் விடைகளைத் திருத்துகின்ற ஆசிரியர்கள் பலர் ஒரே குறையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிள்ளைக்கு ஆண்டு தெரிந்திருக்கிறது, அரசனின் பெயரும் தெரிந்திருக்கிறது. அவ்விரண்டையும் இணைத்து ஒரு கருத்தை நிறுத்தும் வாக்கியம் மட்டும் வருவதில்லை. அதே பிள்ளையின் தமிழ்க் கொப்பியைத் திறந்தால், தனி வாக்கியம், கூட்டு வாக்கியம், கலப்பு வாக்கியம் என்ற வகைகளும் அவற்றுக்குரிய உதாரணங்களும் சிவப்பு மையால் கோடிட்டு அழகாக எழுதப்பட்டிருக்கும். இரண்டு கொப்பிகளும் ஒரே பையில்தான் பாடசாலைக்கு வந்து போகின்றன. ஆனால், ஒன்றில் கற்றதை மற்றொன்றில் பயன்படுத்தலாம் என்பதை அந்தப் பிள்ளைக்கு எவரும் காட்டிக்கொடுக்கவில்லை. இடைநிலை வகுப்புகளில் வரலாற்றுப் பாடத்தையும் பலவகை வாக்கியங்களை எழுதும் பயிற்சியையும் ஒன்றாக இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மாணவரைக் குறைசொல்வதற்கு முன்னர், வாக்கிய வகைகளை விளக்க நாம் வழக்கமாகக் கொடுக்கும் உதாரணங்களைச் சற்று நோக்க வேண்டும். பந்து உருண்டது, கண்ணன் பந்தை உருட்டினான், மழை பெய்தமையால் பயிர் விளைந்தது என்பன போன்றவை அவை. இலக்கணம் என்ற வகையில் அவற்றில் பிழையேதும் இல்லை. ஆனால், மழை பெய்தமையால் பயிர் விளைந்ததா, மழை பெய்தும் விளையவில்லையா என்பதைப் பற்றி எந்தப் பிள்ளையும் நின்று சிந்திக்கப் போவதில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில், அதை எப்படிச் சொல்வது என்ற கேள்வியும் எழாது. வரலாற்றுப் பாடத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே சொல்வதற்கு நிறைய இருக்கிறது. அதைச் சொல்லும் பொறுப்புத்தான் மாணவரிடம் விடப்படுவதில்லை. வகுப்பில் சொல்லச்சொல்ல எழுதுவிக்கும் குறிப்பும், தனியார் கல்வி நிலையத்தில் கிடைக்கும் அச்சிட்ட குறிப்பும், இப்போது கைபேசியில் வரும் ஆயத்த விடையும் வாக்கியங்களை முடித்தே கையில் தந்துவிடுகின்றன. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் முதலாம் வினாத்தாளிலுள்ள 40 பல்தேர்வு வினாக்களுக்கு இந்த மனனம் உதவக்கூடும். இரண்டாம் வினாத்தாள் காரணங்களை விளக்குமாறும் விளைவுகளை எடுத்துக்காட்டுமாறும் கேட்கும்போது, நான்கு ஆண்டுகளாகத் தாமாக ஒரு வாக்கியத்தைக் கட்டிப் பார்க்காத பிள்ளைகள் மனனம் செய்த பந்தியை அப்படியே இறக்கிவைத்துவிட்டு எழுந்து போகிறார்கள்.

எனது யோசனை பெரிய சீர்திருத்தம் அன்று; புதிய பாடநூலோ புதிய பாடவேளையோ இதற்குத் தேவையில்லை. வரலாற்றுப் பாடவேளையின் இறுதியில் 10 நிமிடங்களை ஒதுக்கி, அன்றைய பாடத்திலிருந்து ஐந்தாறு சிறு வாக்கியங்களைப் பலகையில் எழுதி, அவற்றைக் குறிப்பிட்ட ஒரு வகையில் இணைக்கவோ மாற்றவோ மாணவரைக் கேட்பதே முதற்படி. அவ்வாரத் தமிழ்ப் பாடத்தில் வாக்கிய இலக்கணம் கற்பிக்கும்போது, பந்துக்கும் மழைக்கும் பதிலாக அதே வரலாற்று வாக்கியங்களை எடுத்துக்கொள்வது இரண்டாவது படி.

நமது மண்ணின் வரலாற்றிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். 1560 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்தனர். அவர்கள் நல்லூரைக் கைப்பற்றினர். மக்கள் கிளர்ந்தெழுந்தனர். போர்த்துக்கேயர் பின்வாங்கினர். அவர்கள் மன்னாரில் கோட்டை கட்டினர். இந்த ஐந்து வாக்கியங்களும் உண்மையானவை. ஆயினும் ஒன்றுக்கொன்று உறவில்லாமல் நிற்பவை. இவற்றை இணைக்கச் சொன்னால் ஒரு பிள்ளை, "1560 இல் படையெடுத்து வந்து நல்லூரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், மக்கள் கிளர்ந்தெழுந்தமையால் பின்வாங்கி மன்னாரில் கோட்டை கட்டினர்" என்று எழுதக்கூடும். மற்றொரு பிள்ளை, "நல்லூர் பகைவர் கையில் வீழ்ந்தபோதிலும் மக்கள் அடங்கவில்லை, அவர்களின் கிளர்ச்சியே போர்த்துக்கேயரை மன்னாருக்குப் பின்வாங்கச் செய்தது" என்று எழுதலாம். மூன்றாவது பிள்ளை துணிந்து, "1560 இல் போர்த்துக்கேயருக்குக் கிடைத்தது யாழ்ப்பாணம் அன்று, மன்னாரே" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். தகவல் மூன்றிலும் ஒன்றுதான். ஆனால், முதலாவது வாக்கியத்தின் எழுவாய் போர்த்துக்கேயர்; இரண்டாவதில் மக்கள் முன்னே வந்துவிட்டனர்; மூன்றாவது அப்படையெடுப்பின் பயனையே மதிப்பிட்டுவிட்டது. எது சரி என்று வகுப்பில் ஒரு வாதம் எழுமானால், அந்த 10 நிமிடங்களில் நடந்தது தமிழ்ப் பாடமா, வரலாற்றுப் பாடமா என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கலையும் குறிப்பிட வேண்டும். நமது மொழியில் செயல்களை வினையெச்சங்களால் எவ்வளவு தூரமும் கோத்துக்கொண்டு போகலாம். "போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேரா 1619 இல் படையுடன் வந்து, யாழ்ப்பாண அரசன் சங்கிலி குமாரனைத் தோற்கடித்து, அவனைச் சிறைப்பிடித்து, கோயிலை இடித்து, தலைநகரை மாற்றி ஆட்சி செய்தான்" என்று ஒரு மாணவர் எழுதினால், இலக்கணப்படி அதில் குற்றம் காண முடியாது. ஆனால், வாசிப்பவருக்கு அதில் காலவரிசை கிடைக்கிறதே தவிரக் காரணம் கிடைப்பதில்லை. தலைநகர் ஏன் நல்லூரிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு 1621 இல் மாற்றப்பட்டது? "மாற்றி" என்ற ஒரு சொல்லுக்குள் அந்தக் கேள்வியே அமுங்கிப் போய்விடுகிறது. அந்த எச்சத்தைப் பிரித்தெடுத்து, "ஆகையால்" அல்லது "பொருட்டு" என்ற சொல்லைக் கட்டாயமாகப் பயன்படுத்தி எழுதுமாறு கேட்டுப் பாருங்கள். மாணவர் வரைபடத்தைப் பார்த்தே ஆகவேண்டும். நல்லூர் உள்நிலத்தில் இருக்கிறது. பட்டினம் கடனீரேரிக் கரையில் இருக்கிறது. போர்த்துக்கேயரின் பலமோ கப்பலில் இருந்தது. இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் பிள்ளை தானாகவே ஒரு காரண வாக்கியத்தை எழுதிவிடும். மனனம் செய்த குறிப்பு இந்தச் சிந்தனையை எக்காலத்திலும் தந்திராது.

தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை ஆகியவற்றைக் கற்பிப்பதற்கு வரலாற்றைவிடச் சிறந்த களம் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து. யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எடுத்துக்கொள்வோம். 1981 இல் நூலகம் எரிந்தது என்று ஒரு பிள்ளை எழுதினால், அது வெறும் தீ விபத்து என்ற பொருளையே தருகிறது. இலக்கணம் சரியாக இருந்தும் வாக்கியம் உண்மைக்குப் புறம்பாகிவிடுகிறது. எரிக்கப்பட்டது என்று எழுதினால், அது ஒருவர் செய்த செயல் என்பது தெரிகிறது. செய்தவர் யார் என்பது தெரியவில்லை. எரித்தனர் என்று எழுத முற்படும் பிள்ளைக்கு உடனே ஓர் எழுவாய் தேவைப்படுகிறது. அந்த எழுவாயை எழுதுவதற்கு என்ன ஆதாரம் உண்டு என்று தேட வேண்டியும் வருகிறது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்த அந்நிகழ்வை மூன்று வினைமுற்றுகளில் எழுதிப் பார்த்த ஒரு பிள்ளை, தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாட்டைப் பின்னர் ஒருபோதும் மறக்காது.

நமது வரலாற்றுக் குறிப்புகளில் "கைப்பற்றப்பட்டது", "ஆரம்பிக்கப்பட்டது", "அறிமுகப்படுத்தப்பட்டது" என்ற முடிவுகள் வரிக்கு வரி வருவதையும் இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது என்பதைப் பிள்ளைகள் பாராமலே சொல்வார்கள். இடித்தவர் யார் என்று கேட்டால் பாதிப் பேர் ஒல்லாந்தர் என்பார்கள். ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்து, அதிலுள்ள செயப்பாட்டு வாக்கியங்கள் அனைத்தையும் செய்வினையாக மாற்றுமாறு கேட்பது மிக எளிய பயிற்சி. செய்தவர் இன்னார் என்று தெரியாத இடமும் வரும். அப்போது செயப்பாட்டுவினையே நேர்மையான வடிவம் என்பதையும் பிள்ளை அறிந்துகொள்ளும்.

நிபந்தனை வாக்கியத்துக்கு நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டை நான் பரிந்துரைப்பேன். பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து சேர வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும் அது கூறுகிறது. அடுத்து வருவதுதான் நமக்கு வேண்டிய பகுதி. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலங்கள் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, அதாவது அரச கருவூலத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு; ஏனைய சரக்குக் கொண்டுவரும் மரக்கலங்கள் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. யானைக்கும் குதிரைக்கும் ஏன் இந்தச் சலுகை என்றால், அவை தமக்கு வேண்டியவை என்று அரசனே காரணமும் சொல்லிவிடுகிறான். கட்டளை, காரணம், நிபந்தனை ஆகிய மூன்று வகை வாக்கியங்களும் ஒரே கல்லில் அடங்கியிருக்கின்றன. தரம் 7 மாணவரிடம் இந்த ஆணையின் பொருளை எளிய தமிழில் சொல்லிவிட்டு, "ஆல்" விகுதியைக் கொண்டு இரண்டு நிபந்தனை வாக்கியங்களையும், "எனினும்" என்ற சொல்லைக் கொண்டு ஓர் ஒப்பீட்டு வாக்கியத்தையும் எழுதச் செய்தால், பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடல் வணிகமும் அரசனின் வருவாயும் படைத் தேவையும் அந்த மூன்று வாக்கியங்களுக்குள் வந்துவிடும். சிங்கள மன்னன் ஒருவன் தீவகத்தில் தமிழில் ஆணை பொறித்தது ஏன் என்ற கேள்வியைப் பிள்ளைகள் தாமாகவே கேட்பார்கள். அதற்கும் ஒரு காரண வாக்கியம் எழுதச் சொல்லலாம்.

மாணவர் கைக்கொள்ள வேண்டிய இன்னொரு வாக்கிய வகையை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. செய்தியைத் தன் கூற்றாகச் சொல்வதற்கும், இன்னார் இவ்வாறு கூறுகிறார் என்று சொல்வதற்கும் தமிழில் தெளிவான வேறுபாடு உண்டு. யாழ் வாசித்த அந்தகப் பாணன் ஒருவனுக்கு இந்நிலப்பகுதி பரிசாகக் கிடைத்தது என்ற கதை நம் பிள்ளைகளுக்கு நன்கு தெரியும். அதைப் பெரும்பாலானோர் நேரில் கண்டவர்களைப் போல "பரிசளித்தான்" என்றே எழுதுகிறார்கள். "பரிசளித்தான் என யாழ்ப்பாண வைபவமாலை கூறுகிறது" என்று எழுதும்போதோ, அந்நூல் எப்போது எழுந்தது என்ற கேள்வி கூடவே வருகிறது. அது மயில்வாகனப் புலவர் 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் ஆட்சியின்போது இயற்றிய உரைநடை நூல் என்பதும், 1619 இல் இராச்சியம் வீழ்ந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தின் பின்னர் எழுதப்பட்டது என்பதும் தெரிந்த மாணவர், "என்பர்", "எனக் கருதப்படுகிறது", "எனக் கல்வெட்டு உறுதிப்படுத்துகிறது" என்ற முடிவுகளுக்கு இடையிலுள்ள தூரத்தை உணர்ந்து எழுதுவார். ஐதீகமும் ஆதாரமும் அன்றாடம் ஒன்றோடொன்று குழம்பும் நம் நாட்டில், தரம் 9 ஐ விட்டு நீங்கும் ஒரு பிள்ளைக்கு இந்த ஒரு பயிற்சி மட்டும் கிடைத்தாலும் நான் திருப்தியடைவேன். யாழ்ப்பாண இராச்சியத்துக்குப் பாடநூலில் ஒதுக்கப்பட்ட பக்கங்கள் போதா என்ற குறை நம்மவரிடையே நெடுநாளாக உண்டு. அது தனியே பேசவேண்டிய விடயம். இருக்கும் பக்கங்களையாவது பிள்ளைகள் தம் சொந்த வாக்கியத்தில் எழுதட்டும் என்பதே இக்கடிதத்தின் எல்லை.

உயர் வகுப்பை நெருங்கும் மாணவருக்கு ஒரே தொடக்கத்தைக் கொடுத்து மூன்று விதமாக முடிக்கச் சொல்லும் பயிற்சி நல்ல பலன் தரும். "1931 இல் சர்வசன வாக்குரிமையின் கீழ் முதலாவது அரசாங்க சபைத் தேர்தல் நடைபெற்றது" என்பது தொடக்கமாக இருக்கட்டும். "ஆனால்" என்று தொடர்பவர், யாழ்ப்பாணக் குடாநாட்டின் 4 தொகுதிகளும் அத்தேர்தலைப் பகிஷ்கரித்தன என்று எழுத வேண்டும். "ஏனெனில்" என்று மேலும் தொடர்பவர், பிரித்தானியர் அப்போது வழங்கிய டொனமூர் அரசியலமைப்புப் பூரண சுயராச்சியத்தைத் தரவில்லை என்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் நிலைப்பாட்டை அறிந்திருக்க வேண்டும். "ஆகவே" என்று முடிப்பவர், அத்தொகுதிகள் 1934 இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை பிரதிநிதிகள் இன்றி இருந்ததைச் சொல்ல வேண்டும். மூன்று இணைப்புச் சொற்களில் எதற்கும் பாடத்தைப் படிக்காமல் விடை எழுத முடியாது என்பதே இப்பயிற்சியின் பலம். பின்னர் தமிழ் ஆசிரியர் அந்த "ஏனெனில்" வாக்கியத்தை எடுத்து, காரணத்தை முன்னேயும் காரியத்தைப் பின்னேயும் வைத்து எழுதச் செய்யலாம். காரணம் முன்னே வருவதே தமிழ் உரைநடையின் இயல்பான ஓட்டம். "ஏனெனில்" என்று பின்னே வைக்கும்போது அதற்குத் தனி அழுத்தம் கிடைக்கிறது. எங்கே எது வேண்டும் என்று தேர்ந்துகொள்வது பழகப் பழகவே வரும்.

வாக்கியங்களைப் பலவகையாக எழுதுதல் என்றவுடன், நீண்ட வாக்கியமே உயர்ந்தது என்று எண்ணிவிடும் ஆபத்தும் நம்மிடையே உண்டு. பிள்ளை அரைப்பக்க நீளத்துக்கு ஒரு வாக்கியம் எழுதினால் பாராட்டும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தர் சூழ்ந்து நின்ற ஏறத்தாழ மூன்று மாத முற்றுகையையும், கோட்டைக்குள் இருந்தோரின் பசியையும் நோயையும் ஒரு நீண்ட வாக்கியத்தில் விவரித்த பின்னர், "1658 ஜூனில் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று" என்று நான்கைந்து சொற்களில் நிறுத்தத் தெரிந்த பிள்ளைதான் வாக்கியத்தின் பலத்தை அறிந்த பிள்ளை. ஆறுமுக நாவலர் தமது பாலபாடங்களைச் சிறு வாக்கியங்களில் தொடங்கிப் படிப்படியாக நீண்ட கட்டுரைகளுக்குக் கொண்டுசென்ற முறையை நினைவுகூர்ந்தால், தரம் 6 இல் இரண்டு வாக்கியங்களை இணைப்பதோடு நிறுத்திக்கொள்வதே போதுமானது என்பது விளங்கும். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவருக்குத் தெரிந்த இந்தப் படிமுறையை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இந்த யோசனைக்கு ஆசிரியர்களிடமிருந்து வரக்கூடிய மறுப்புகளையும் அறிவேன். இருக்கும் பாடவேளையில் பாடத்திட்டத்தை முடிப்பதே பெரும்பாடு என்பது முதலாவது. குறிப்பு எழுதுவிப்பதற்குச் செலவாகும் நேரத்தில் ஒரு பகுதியைத்தான் இதற்குக் கேட்கிறேன். மாணவர் எழுதிய திருத்தப்பட்ட வாக்கியங்களே அன்றைய குறிப்பாகவும் அமையலாம். கொப்பிகளைத் திருத்தும் சுமை இரண்டாவது, இது நியாயமானது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாளில் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் எழுத வேண்டியதில்லை. பலகையில் நான்கைந்து பேரின் வாக்கியங்களை எழுதி வகுப்போடு சேர்ந்து திருத்தினால், ஏனையோர் தத்தம் கொப்பியில் தாமே திருத்திக்கொள்வர். வரலாற்று ஆசிரியர் தகவல் சரியா என்பதை மட்டும் பார்த்தால் போதும். எழுவாய்க்கும் பயனிலைக்கும் பொருத்தம் உண்டா, சந்தி சரியா என்பவற்றைத் தமிழ் ஆசிரியர் தம் பாடவேளையில் பார்த்துக்கொள்வார். எழுத்துப் பிழைக்காக வரலாற்றுப் புள்ளியைக் குறைக்கவே கூடாது. அப்படிக் குறைத்தால், பலவீனமான பிள்ளை பாதுகாப்பான நான்கு சொல் வாக்கியத்துக்குத் திரும்பிப் போய்விடும். சிறிய பாடசாலைகளில் ஒருவரே இரு பாடங்களையும் கற்பிக்கும் நிலை இருக்குமாயின், அங்கே இது இன்னும் எளிது.

மூன்றாவது மறுப்பு மட்டுமே சற்று ஆழமானது: வரலாறு இலக்கணத்துக்கு வேலைக்காரியாகிவிடாதா என்று கேட்கலாம். பயிற்சி வெறுமனே வடிவத்தை மாற்றுவதோடு நின்றுவிட்டால் அது நடக்கத்தான் செய்யும். ஆகவே, ஒவ்வொரு வாக்கிய மாற்றத்தின் பின்னரும் பொருள் மாறியதா, மாறியிருந்தால் எந்தப் பொருள் ஆதாரத்துக்கு நெருக்கமானது என்ற வினாவை ஆசிரியர் கேட்டே ஆக வேண்டும். அந்த வினா இல்லாவிடின் இந்த முயற்சியே வேண்டாம் என்பேன்.

வலயக் கல்விப் பணிமனைகளிடம் எனக்குள்ள வேண்டுகோள் சிறியது. அடுத்த ஆண்டின் முதலாம் தவணையில், தரம் 7, 8 வகுப்புகளில் மட்டும், விருப்பமுள்ள சில பாடசாலைகளில் இதனைத் தொடங்கிப் பார்க்கலாம். தமிழ், வரலாறு ஆகிய இரு பாடங்களின் ஆசிரிய ஆலோசகர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரு தவணைக்கு வேண்டிய பயிற்சி வாக்கியங்களை ஒரு சிறு செயலட்டைத் தொகுதியாக ஆக்கித் தந்தால், ஆசிரியர்களின் சுமை பெருமளவு குறையும். தவணைப் பரீட்சை வினாத்தாள் தயாரிப்போர், வரலாற்று வினாத்தாளிலே ஐந்து தனி வாக்கியங்களைக் கொடுத்து அவற்றைக் காரணம் புலப்படும்படி இரண்டு வாக்கியங்களாக எழுதச் சொல்லும் ஒரேயொரு வினாவைச் சேர்த்தாலே போதும். பரீட்சையில் வருவதைத்தான் நாம் கற்பிப்போம் என்பது ஊரறிந்த உண்மை.

இம்முறையை அல்லது இதைப் போன்ற ஒன்றைத் தம் வகுப்பில் ஏற்கெனவே கையாண்டுவரும் ஆசிரியர்கள் நிச்சயமாக இருப்பார்கள். எந்தப் பாடப்பகுதி இதற்கு ஒத்துவந்தது, எது ஒத்துவரவில்லை, எழுத்தில் பின்தங்கிய பிள்ளைகளை எவ்வாறு சேர்த்துக்கொண்டார்கள் என்பவற்றை அவர்கள் தங்கள் பத்திரிகையின் இப்பகுதிக்கு எழுதுவார்களாயின், ஆலோசகர்களின் மேசைக்கு அதுவே முதல் ஆவணமாக அமையும். அதற்கு இடமளிக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைத் தமிழ் ஆசிரியர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.